மூன்றாவது மொழியில் முதுமை

கோஸ்டா ரிகாவில் பெரும்பாலான வீடுகளுக்கு எண் கிடையாது. எண் உள்ள இடங்களிலும் அதனை எவரும் பொருட்படுத்துவதில்லை. தேவாலயத்திலிருந்து மேற்கே 300 மீட்டர், பிறகு தெற்கே 75 மீட்டர், பச்சை நிற வாயிற்கதவு என்பதுதான் முகவரி. நூறு மீட்டர் என்பது அளந்து பார்த்த நூறு மீட்டரன்று. ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த தெருமுனை வரை என்று பொருள். தலைநகர் சான் ஹோசேயை ஒட்டிய சான் பெத்ரோவில் முன்னொரு காலத்தில் பெரிய அத்திமரம் ஒன்று நின்றது. மரம் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் 'பழைய அத்திமரத்திலிருந்து தெற்கே 200 மீட்டர்' என்று இன்றும் முகவரி சொல்கின்றனர். அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறும் முதியவர்களுக்கு இது தீராத எரிச்சல். 'பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச்சந்து, முருங்கைமரம் நிற்கும் வீடு' என்று கேட்டு வளர்ந்த எனக்கோ, இந்நாட்டில் முதல் நாளே புரிந்த ஒரே விஷயம் இதுதான்.

நானும் என் மனைவியும் 2014 முதல் வசிப்பது அதேனாஸ் என்னும் சிற்றூரில். கிரேக்கத்து ஏதென்ஸின் ஸ்பானியப் பெயர்தான்; தொடர்பு அவ்வளவே. மத்தியப் பள்ளத்தாக்கின் மேற்கோரத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பி மூட்டைகளை ஏற்றிய மாட்டுவண்டிகள் மலையிறங்கிப் பசிபிக் கரைத் துறைமுகமான புன்தரேனாஸுக்குச் சென்ற பாதை இவ்வழியே போயிற்று. ஊருக்குள் நுழையும் வழியில் வண்டிக்காரர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கின்றனர். 'உலகிலேயே சிறந்த தட்பவெப்பம்' என்பது ஊரின் விளம்பர வாசகம். ஏதோவொரு புகழ்பெற்ற இதழ் அவ்வாறு எழுதியதாகச் சொல்வார்கள். அந்த இதழைக் கண்ணால் கண்டவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. ஆனால் வாசகத்தைக் குறைசொல்லவும் மனம் வருவதில்லை. மே முதல் நவம்பர் வரை மாலை மழை. மற்ற மாதங்களில் காற்றும் வெயிலும். மழைக்காலத்தைக் குளிர்காலம் என்றும் மார்ச் மாதக் காய்ச்சலைக் கோடை என்றும் அழைக்கிறார்கள். கணக்கின்படி இது வடகோளம். ஜூலையில் குளிர்காலம் என்பது பூகோளப் பாடத்துக்கு ஒவ்வாது. ஒவ்வாவிட்டால் என்ன, குடை பிடிக்கிறவனுக்குத் தெரியும் எது குளிர்காலம் என்று.

ஓய்வுபெறும் வயதை நெருங்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் செலவைப் பற்றியவை. ஆகவே அதனை முதலில் முடித்துவிடுகிறேன். வெளிநாட்டு ஓய்வூதியர்களை அழைத்துக் குடியேற்றும் சட்டத்தைக் கோஸ்டா ரிகா 1971லேயே இயற்றிவிட்டது. காரையும் வீட்டுச் சாமான்களையும் வரியின்றிக் கொண்டுவரலாம் என்பது அக்காலத்துப் பெருங்கவர்ச்சி. 1992இல் அச்சலுகைகளை நீக்கினர். மாதம் 600 டாலர் ஓய்வூதியம் இருந்தால் போதும் என்றிருந்த வரம்பை 2010இல் நடைமுறைக்கு வந்த புதிய குடிவரவுச் சட்டம் 1000 டாலராக உயர்த்தியது. 2021இல் மீண்டும் ஆளைக் கூப்பிட எண்ணி, ஐந்தாண்டுக் கால அளவுக்குச் சில வரிவிலக்குகளை அளித்தனர். வெயில் ஏறினால் குடை விரிப்பதும் இறங்கினால் மடக்குவதும் அரசுகளின் இயல்பு. அதை நம்பி வீடு கட்டக்கூடாது.

நாணய மாற்று விகிதத்தையும் நம்பி வீடு கட்டக்கூடாது என்பதை 2022க்குப் பிறகு இங்குள்ள அமெரிக்கர்கள் அறிந்தனர். அவ்வாண்டு நடுவில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 690 கொலோன் கிடைத்தது. 2024இல் அது 510 அளவுக்கு இறங்கிற்று. மாதம் 1500 டாலர் பெறும் முதியவர் ஒருவருக்குக் கையில் 10,35,000 கொலோனாக வந்த தொகை 7,65,000 ஆயிற்று. ஓய்வூதியத்தில் ஒரு காசும் குறையவில்லை. கால்பங்குக்கு மேல் காணாமற்போய்விட்டது. தக்காளிக்காரர் இதற்கு என்ன செய்வார்? சந்தையில் அவரிடம் கோபித்துக்கொண்ட ஓரிருவரை நான் பார்த்திருக்கிறேன். மலிவைத் தேடி வந்தவர்களுள் சிலர் அடுத்த மலிவைத் தேடிக் கிளம்பிவிட்டனர். பனாமாவில் டாலரே புழங்குவதால் இத்தொல்லை இல்லை என்று போனவர்களும் உண்டு.

நாங்கள் மலிவுக்காக மட்டும் வரவில்லை. 'அப்படியானால் ஊருக்கே திரும்பியிருக்கலாமே' என்ற கேள்வி இவ்விடத்தில் எழும் என்பதை அறிவேன். கோயம்புத்தூரைச் சுற்றி முதியோருக்கான குடியிருப்புகள் எத்தனை எழுந்துவிட்டன! வேளைக்குச் சாப்பாடு, வாசலில் கோலம், மார்கழியில் திருப்பாவை. இரண்டை நேரில் போய்ப் பார்த்தோம். மகளும் மகனும் டெக்சாஸில் இருக்கிறார்கள். ஊரில் எங்களுக்கிருந்த வீடு பெற்றோரின் காலத்துக்குப் பின் பங்காளிகளிடையே விலைபோயிற்று. பேத்தி பள்ளிவிட்டு வந்ததும் தொலைபேசியில் அழைத்தால், இங்கே நாங்கள் மாலைக் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறோம். கோவையிலிருந்தால் அது விடியுமுன் நாலரை மணி. ஹூஸ்டனிலிருந்து சான் ஹோசேக்கு நான்கு மணி நேரத்துக்குள் விமானம் வந்துவிடுகிறது. நடுவழியில் ஓர் ஊர் தேடினோம், கிடைத்தது. காரணம் இவ்வளவு எளியது.

இங்கு வந்தபின் என்னை வியக்கவைத்தது காஹா. சமூகப் பாதுகாப்பு நிதியத்தை மக்கள் அழைக்கும் செல்லப்பெயர் அது. பெட்டி என்று பொருள். கல்தெரோன் குவார்தியா என்ற மருத்துவர் குடியரசுத் தலைவராக இருந்தபோது 1941இல் தொடங்கியது. நாட்டின் பொது மருத்துவமனைகள் அனைத்தையும் அதுவே நடத்துகிறது. வதிவுரிமைச் சீட்டுக்கு விண்ணப்பிக்கும் வெளிநாட்டவர் அனைவரும் அதில் சேர்ந்து மாதச்சந்தா கட்டவேண்டும் என்பதை அந்தப் புதிய சட்டம் கட்டாயமாக்கியது. தொண்ணூறுகளின் நடுவில் நாடெங்கும் சிறு மருத்துவக் குழுக்களை அமைத்தார்கள். மருத்துவர், செவிலி, இவர்களோடு வீடுவீடாகச் செல்லும் ஒரு பணியாளர். எங்கள் தெருவுக்கு வருபவர் மோட்டார் சைக்கிளில் வருவார். தோளில் தடுப்பூசிக் குளிர்பெட்டி. தாழ்வாரத்தில் அமர்ந்து இரத்த அழுத்தம் பார்த்து, கிணறு, குப்பை, தேங்கிய நீர் எல்லாம் விசாரித்து எழுதிக்கொண்டு போவார். 1948இல் இராணுவத்தைக் கலைத்துவிட்ட நாடு இது என்ற செய்தியைப் புத்தகத்தில் படித்தபோது அழகாக இருந்தது. அந்த மோட்டார் சைக்கிள் வந்து நின்றபோதுதான் அதன் பொருள் புரிந்தது. சிறப்பு மருத்துவரைக் காண மாதக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதையும் சொல்லிவிடவேண்டும். அந்நாட்டு நாளேடுகளில் அது ஓயாத செய்தி. வசதியுள்ளவர் தனியாரிடம் போகிறார்கள். நாங்களும் கண்புரைக்கு அப்படித்தான் போனோம்.

மொழிக்கு வருகிறேன். சொல்ல வந்தது அதைத்தான்.

இவ்வூர் ஸ்பானியத்தில் மரியாதைப் பன்மை மிகுதி. மற்ற நாடுகளில் நெருங்கியவரைக் குறிக்கும் 'நீ' இங்கே அரிது. கணவன் மனைவியை, தாய் குழந்தையை 'உஸ்தெத்', அதாவது 'நீங்கள்', என்கிறார்கள். எதிர்வீட்டம்மாள் தம் நாயைப் பார்த்து 'தாங்கள் சற்று வெளியே போகிறீர்களா' என்று அதட்டுவதைக் கேட்டு என் மனைவி ஒரு வாரம் சிரித்தாள். சந்தையில் சௌசௌவைக் குவித்து வைத்திருப்பார்கள். நாம் பெங்களூர்க் கத்திரிக்காய் என்று அழைக்கும் அக்காய்க்குப் பிறந்தகம் பெங்களூரன்று, மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவுந்தான் என்பதை ஸ்பானியத்தில் விளக்க முயன்று, நான் கற்ற முதல் நூறு சொற்களைச் செலவழித்தேன். அறுபது வயதுக்குமேல் கற்ற மொழி. விலை கேட்கவும், வணக்கம் சொல்லவும், மழையைப் பற்றிக் குறைசொல்லவும் போதும். வயிற்றுவலி குத்துகிறதா, பிசைகிறதா, சுருட்டிப் பிடிக்கிறதா என்று மருத்துவர் கேட்டால் போதாது. எங்களை இவ்வூரார் 'இந்து' என்பார்கள். இந்தியன் என்ற சொல் இங்கே அமெரிக்கப் பழங்குடியினரைக் குறிப்பதால், நம் நாட்டவர் எம்மதத்தவராயினும் அவர்களுக்கு இந்துவே.

இடப்பக்கத்து வீட்டில் இருந்தவர் ஓஹாயோவைச் சேர்ந்த முதியவர். அச்சுக்கூடத் தொழிலாளியாக இருந்து ஓய்வுபெற்றவர். 2006இல் மனைவியோடு வந்தார். மனைவி மூன்றாம் ஆண்டே காலமாகிவிட்டார். ஸ்பானியத்தை முறைப்படி கற்றுத் தேறியவர் அவர். அமெரிக்கர்கள் தமக்குள்ளேயே கூடிப் பேசும் காப்பிக்கடைக்குப் போகமாட்டார். பேருந்து நிறுத்தத்துக் கிழவர்களோடு அமர்ந்து கால்பந்து பேசுவார். காஹாவுக்கு மனுக் கொடுக்க, மின்கட்டணத் தகராறு தீர்க்க எனக்கு அவரே மொழிபெயர்ப்பாளர். 'இலக்கணத்தை விட்டுவிடுங்கள், வெட்கத்தை விட்டுவிடுங்கள், மரியாதையை மட்டும் விடாதீர்கள்' என்பார். அவருக்கு 2017 வாக்கில் மறதி தொடங்கிற்று. முதலில் சாவி, பிறகு நாள், பிறகு மனைவி இறந்த செய்தி. அதற்குப் பிறகு போனது ஸ்பானியம்.

அது ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. கடைக்காரரிடம் பேசிக்கொண்டே இருப்பார். வாக்கியத்தின் பின்பாதி ஆங்கிலமாகிவிடும். தாம் மொழி மாறியது அவருக்குத் தெரியாது. எதிரிலிருப்பவர் விழிப்பதுகண்டு குரலை உயர்த்துவார். ஓராண்டுக்குள் 'நன்றி' என்பதைத் தவிர ஸ்பானியம் மிச்சமில்லை. பின்னர் அதுவுமில்லை. புதியவை முந்தி உதிரும், பழையவை பிந்தும் என்று ரிபோ என்ற பிரெஞ்சு உளவியலாளர் 1881இல் நினைவின் நோய்களைப் பற்றிய நூலில் எழுதினார். பல மொழி அறிந்தவர்களின் மறதிநோயில், பிந்திக் கற்ற மொழி முந்திச் செல்வதை மருத்துவர்கள் அடிக்கடி கண்டிருக்கிறார்கள். சான் ஹோசேயில் முதியோருக்கென்றே ஒரு தேசிய மருத்துவமனை உண்டு. அவரை அங்கே அழைத்துச் சென்ற நாளில், மொழிபெயர்ப்பாளனாக உடன்போனவன் நான். யார் யாருக்கு மொழிபெயர்ப்பது என்ற விந்தையைச் சொல்லவேண்டியதில்லை.

மகன் ஓஹாயோவுக்கே அழைத்துப்போக எண்ணினார். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அமெரிக்க முதியோர் காப்பீடான மெடிகேர் அந்நாட்டு எல்லைக்கு வெளியே, மிகச்சில விலக்குகள் தவிர, செல்லாது. செல்லாத ஒன்றுக்கு எதற்குச் சந்தா என்று அதன் ஒரு பகுதியைப் பலரும் இங்கு வந்ததும் நிறுத்திவிடுவார்கள். மீண்டும் சேரும்போது, விட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் பத்து விழுக்காடு வாழ்நாள் முழுதும் கூடுதலாகக் கட்டவேண்டும். அதைக்கூடக் கட்டிவிடலாம். ஆனால் குளிப்பாட்டவும் ஊட்டவும் ஆள் வேண்டும் என்ற நிலைக்கு மெடிகேர் நீண்டநாள் பணம் தருவதில்லை. பராமரிப்பு இல்லங்களோ பல மாநிலங்களில் மாதம் 8000 டாலரைத் தாண்டும்.

ஆகவே, 2018இன் இறுதியில் ஒரு பெண்மணி அவ்வீட்டுக்கு வந்தார். நிகராகுவாவின் சினான்தேகாக்காரர். அவ்வாண்டு ஏப்ரலில் அங்கே கிளர்ச்சியும் அடக்குமுறையும் தொடங்கியபின் எல்லை தாண்டிய பல்லாயிரவருள் ஒருவர். தாயையும் இரு பிள்ளைகளையும் விட்டுவிட்டு வந்திருந்தார். மத்தியப் பள்ளத்தாக்கில் காப்பிப்பழம் பறிப்பவர்களும் வீடு துடைப்பவர்களும் கட்டடக் கூலிகளும் முதியோரைப் பேணுபவர்களும் எனப் பலர் நிகராகுவாவினர். ஓய்வூதியத்தோடு வருபவரும் வேலை தேடி வருபவரும் இந்நாட்டுக்கு வடக்கிலிருந்தே வருகின்றனர். ஒருவரை விமானநிலையத்தில் வரவேற்புப் பலகை எதிர்கொள்கிறது. மற்றவர் ஆற்றைக் கடக்கிறார்.

அந்த அம்மையாருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. முதியவருக்கு ஸ்பானியம் போய்விட்டது. முதல் மாதம் வீட்டிலிருந்து கூச்சல் கேட்கும், தட்டு உடையும். பிறகு ஓசை அடங்கிற்று. போய்ப் பார்த்தால், அவர் ஆங்கிலத்தில் அச்சுக்கூடக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இவர் தம் பிள்ளைகளைப் பற்றி ஸ்பானியத்தில் சொல்லிக்கொண்டு மொச்சை உரிக்கிறார். இருவரும் முறைவைத்துப் பேசுகிறார்கள். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கிறார். எவருக்கும் எதுவும் புரியவில்லை. ஆனால் தாகம், சிறுநீர், வலி ஆகிய மூன்றுக்கும் அவர் ஆங்கிலச் சொற்களை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தார். எஞ்சியவற்றை முகத்தில் படித்தார். நான்காண்டுகள் இப்படியே கழிந்தன. 2022 டிசம்பரில் முதியவர் உறக்கத்தில் காலமானார். இங்கே மறுநாளே அடக்கம் செய்துவிடுவது வழக்கம். மகனால் வந்துசேர இயலவில்லை. பேருந்து நிறுத்தத்துக் கிழவர்கள் அனைவரும் வெள்ளைச்சட்டையில் வந்திருந்தார்கள். வேறு குடும்பம் அவ்வீட்டுக்கு வந்துவிட்டது. ஊரில் முகவரி சொல்பவர்கள் இன்றும் 'தோன் கிரிங்கோ வீட்டிலிருந்து ஐம்பது மீட்டர்' என்றுதான் எங்கள் வீட்டைக் காட்டுகின்றனர்.

அடக்கம் முடிந்து திரும்பிய இரவு மனைவி கேட்டாள்: 'உங்களுக்கு அந்த மாதிரி ஆச்சுன்னா முதல்ல ஸ்பானிஷ் போகும், அப்புறம் இங்கிலீஷ் போகும். கடைசியில தமிழ்தான் இருக்கும். நான் இருந்தா சரி. நான் முந்திக்கிட்டா?'

நான் விளையாட்டாக ஏதோ சொல்லப்பார்த்தேன். அவள் விடவில்லை. 'பிள்ளைங்க வீட்ல போய் இருந்தாலும் இதே கதிதான். பேத்திக்குப் புரியற தமிழ் எவ்வளவு? தோசை, தூக்கம், போதும்.'

அவள் சொன்னது முற்றும் உண்மை. ஹூஸ்டனில் முதியோர் இல்லத்துச் செவிலிக்கு என் தமிழ், இங்குள்ளவர்களுக்கு எப்படியோ அப்படியே வெற்றொலி. புளோரிடாவில் தவாரெஸ் என்ற ஊரில் இந்திய முதியோருக்கென ஒரு குடியிருப்பு வந்திருக்கிறது. அங்கே போனால் சாம்பார் உண்டு, பேசவும் ஆளுண்டு. ஆனால் பேச்சுத்துணைக்கு வாய்ப்பவர்களும் எண்பதைத் தொடுபவர்கள். அவர்கள் மொழியும் அவரவர் மறதியைப் பொறுத்தது. கோவையில் மட்டும் நள்ளிரவில் நான் முனகினால் ஆயாவுக்குப் புரியும். பிள்ளைகளுக்கு அங்கிருந்து தகவல்தான் போகும். எங்கள் இருவரில் யார் முந்துவார் என்பது தெரிந்தால் இதற்கு விடை சொல்லிவிடலாம். ஓய்வுக்காலத் திட்டமிடல் பற்றிய புத்தகங்கள் நான்கைந்து என் அலமாரியில் இருக்கின்றன. பணவீக்கத்துக்கு அட்டவணை உண்டு, பங்குச்சந்தை சரிந்தால் என்ன என்பதற்கு ஓர் அதிகாரமே உண்டு. கடைசிச் சொற்களை யார் கேட்பார் என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

முடிவு எதையும் எடுத்துவிடவில்லை. எழுபத்து மூன்று வயதில் 'இன்னும் பார்க்கலாம்' என்பது எவ்வளவு தூரம் நடக்கும் என்பது தெரிந்தும்.

நிகராகுவா அம்மையார் இப்போது வாரத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டுக்கு வருகிறார். மகளைப் போன ஆண்டு அழைத்துக்கொண்டார். மகன் இன்னும் பாட்டியிடம் இருக்கிறான். வந்த புதிதில் ஒரு நாள் தாமாகவே அந்தப் பள்ளிக்கூட நோட்டை எடுத்துவந்து, பின்பக்கத்திலிருந்து திருப்பி, 'இதில் உங்கள் மொழியைச் சொல்லுங்கள், தோன்யா' என்று என் மனைவியின் முன் வைத்தார். எங்களுக்கு நோயேதும் இல்லை என்று அவள் சொல்லியிருக்கிறாள். 'இல்லாதபோதே எழுதிக்கொள்வது நல்லது. அவருக்கு எழுதத் தொடங்கியபோது காலம் கடந்துவிட்டது' என்றாராம்.

ஒரு நாளைக்கு ஒரு சொல் என்று போகிறது. தண்ணி, பசி, குளிருது, போர்வை, வேண்டாம், கை, முதுகு. மனைவி சொல்ல, அவர் ஸ்பானிய எழுத்தில் எழுதிப் படித்துக்காட்டுவார். 'வலிக்குது' என்பதில்தான் தகராறு. அவர்கள் மொழியில் வகரத்துக்கு எழுத்து இருக்கிறதே ஒழிய ஒலி பகரத்தின் ஒலிதான். எழுதியதைப் படிக்கும்போதெல்லாம் 'பலிக்குது' என்றே வருகிறது. 'பலிச்சா நல்லதுதான்' என்று மனைவி சிரித்தாள். நேற்று அந்த எழுத்தை அடித்துவிட்டு உகரத்தையும் அகரத்தையும் சேர்த்து, 'உஅலிக்குது' என்று எழுதிப் பார்த்தார்கள். ஓரளவு சரியாக வருகிறது.